ஏலத்தோட்டத்துச் சட்டையும் கூடைப்பந்து டவுசரும்

(கோம்பையில் நடந்த வாசகர் கூட்டமொன்றில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



வெளியூரில் யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டு, நான் கோம்பை என்று சொன்னால், அடுத்த பேச்சு கோம்பை நாயைப் பற்றித்தான். குட்டி கிடைக்குமா, என்ன விலை, கடிக்குமா. 2005-ல் அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, நமக்குக் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. அது கிடக்கட்டும். பெண்கள் ஆடும் கூடைப்பந்தைப் பற்றியும், ஆடும்போது அவர்கள் உடுத்துவதைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள்.

நேற்று டீக்கடைப் பக்கம் நின்றிருந்த ஓர் அண்ணன், தலைப்பைக் கேள்விப்பட்டு என்னை நிறுத்தினார். "ஏன் டீச்சர், பொம்பளப் பிள்ளைக டவுசர் போட்டு ஆடுறதப் பத்தியா பேசப் போறீக?" கேலி இல்லை, நிஜமான கவலைதான். வயசுக்கு வந்த பேத்தி வீட்டில் இருக்கிறாள். நான் கேட்டேன், "அண்ணே, விடியக்காலம் ஜீப்புல ஏறும்போது மதினி என்ன போட்டுக்கிட்டுப் போகுது?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "ஏஞ் சட்டையத்தான்."

நான் பேச வந்ததில் பாதி அந்தப் பதிலிலேயே இருக்கிறது. மலை தாண்டி ஏலத்தோட்டத்துக்குப் போகிற நம் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேலே புருஷனுடைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, மழைக்காலமானால் நனையாமல் போர்த்திக்கொள்ளக் கொங்காணி. திராட்சைத் தோட்டத்திலும் அதே சட்டைதான், நூறு நாள் வேலையிலும் அதே சட்டைதான். ஆம்பளைச் சட்டையைப் பொம்பளை போடலாமா என்று இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பஞ்சாயத்து வைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஏனென்றால் அந்தச் சட்டைக்குப் பின்னால் சாயங்காலம் கூலி வருகிறது. கூலி வருகிற உடையை ஊர் பார்ப்பதே இல்லை. விளையாட்டுக்கென்று போட்டால்தான் அதற்குக் கண் திறக்கிறது.

இந்த ஆட்டம் பிறந்த கதையிலேயே துணி ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் குளிர்காலத்தில் பையன்களை அடக்கி வைப்பதற்காகக் கண்டுபிடித்த ஆட்டம் இது. சில மாதங்களுக்குள்ளேயே பக்கத்து ஊரான நார்த்தாம்ப்டனில் ஸ்மித் பெண்கள் கல்லூரி ஆசிரியை செண்டா பெரன்சன் இதைத் தன் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1893 மார்ச்சில் அவர் நடத்திய ஆட்டத்துக்கு ஆண்களுக்கு அனுமதி இல்லை. பிள்ளைகள் கால் தெரிகிற மாதிரி தொளதொளத்த ஆட்ட உடையில் இருக்கிறார்களாம், அதனால் கதவை அடைத்துக்கொண்டு ஆடினார்கள். அன்று ஆட்டம் தொடங்கப் பந்தை மேலே எறிந்த பெரன்சனின் கை, நடுவில் நின்ற பெண்ணின் கையில் பட்டு, அவளுக்குத் தோள் இறங்கிவிட்டது. மென்மையான ஆட்டமாக இருக்கட்டும் என்று அவர் நினைத்தார். ஆட்டம் அப்படி நினைக்கவில்லை.

அவர் போட்ட விதிகளைக் கேளுங்கள். மைதானத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் கட்டத்தைத் தாண்டக் கூடாது. அடுத்தவள் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது. பெண் பிள்ளை மூச்சு வாங்க ஓடினால் உடம்புக்கு ஆகாது என்பது காரணம். பாவாடையை விதியாகவே எழுதிவிட்டார்கள் என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. பெண்கள் பாதி மைதானம் மட்டும் ஆடும் அறுவர் ஆட்டம் அயோவா மாநிலப் பள்ளிகளில் 1993 வரைக்கும் உயிரோடு இருந்தது. அமெரிக்கா என்றால் எல்லாம் முன்னமே மாறிவிட்டது என்று நினைக்கிறோம். அப்படியில்லை.

நம் பக்கம் 1920-ல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே படித்த உடற்கல்வி ஆசிரியர்கள் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குப் போனபோது இந்த ஆட்டமும் கூடப் போனது. நம் மாவட்டத்தில் பெரியகுளத்துக்கு வந்தது ஊன்றிவிட்டது. அறுபது ஆண்டுக்கு மேலாக அங்கே கோடையில் அகில இந்தியப் போட்டி மின்னொளியில் நடக்கிறது. சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா என்னைச் சைக்கிளில் பஸ் ஏறுமிடத்துக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து பெரியகுளம் கூட்டிப்போவார். வங்கி அணிகள், ராணுவ அணிகள், ஆறரை அடி ஆட்கள். நான் பார்த்த ஆண்டுகளில் எல்லாம் ஆண்கள் ஆட்டம். கேலரியில் மட்டும் பெண்கள் இருந்தோம், கடலை கொறித்துக்கொண்டு.

என் கதை பெரிய கதை இல்லை, ஆனால் இங்கே வேண்டியிருக்கிறது. பள்ளியில் பாவாடை தாவணியோடு ஆடினோம். தாவணி முனையை இடுப்பில் சொருகி, பாவாடையைக் கொஞ்சம் தூக்கிச் செருகினால் ஓடலாம், குதிக்க முடியாது. குதிக்க முடியாமல் கூடைப்பந்து ஆடுவது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். ஆடினோம். கல்லூரிக்குப் போனபோது டவுசர். அது என் தம்பியுடையது. ஒரு போட்டியில் அந்த டவுசரோடு என்னைப் பார்த்த உறவுக்காரர் ஒருவர் வீட்டில் வந்து சொல்லிவிட்டார். அப்பா திட்டவில்லை, அடிக்கவில்லை. மூன்று நாள் பேசவில்லை. பெரியகுளத்துக்கு என்னைக் கூட்டிப்போன அதே அப்பா. சில ஆண்டு கழித்து எனக்கு உடற்கல்வி ஆசிரியை வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்த மாதத்திலிருந்து என் டிராக் பேண்டை வெள்ளாவிக்குப் போட்டு, இஸ்திரி மடிப்பு வைத்து வாங்கி வருகிற ஆள் யார் தெரியுமா? அவரேதான். உடை மாறவே இல்லை. மாதச் சம்பளம் வந்தது, அவ்வளவுதான்.

இப்போது நிஜமான ஆட்டக்காரர்களுக்கு வருகிறேன். அனிதா பால்துரை. சென்னைப் பெண். 2000-லிருந்து 2017 வரை இந்திய அணிக்கு ஆடினார். பத்தொன்பது வயதில் அணித்தலைவி. ஆசியச் சாம்பியன்ஷிப்பில் அடுத்தடுத்து ஒன்பது முறை ஆடியவர். தென்னக ரயில்வேயில் வேலை. பிள்ளை பெற்று, திரும்பி வந்து, 2017-ல் பெங்களூருவில் நடந்த ஆசியக் கோப்பை பி பிரிவில் அணியை நடத்தினார். இறுதி ஆட்டத்தில் கஜகஸ்தானை 75-73 என்று ஜெயித்தோம். இரண்டே புள்ளி. 2021-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். இத்தனைக்குப் பிறகும் தெருவில் அவரை அடையாளம் கண்டு செல்ஃபி கேட்பவர்கள் எத்தனை பேர்? கிரிக்கெட்டில் இரண்டு சீசன் ஆடிய பையனுக்குப் பால் பாக்கெட் விளம்பரம் கிடைக்கிறது.

இந்த மலைக்கு அந்தப் பக்கம் கோட்டயத்தில் கீது அன்னா ஜோஸ். ஆறு அடி இரண்டு அங்குலம். ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்குக் கூலி வாங்கி ஆடியவர். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் அணிகள் அவரைத் தேர்வுக்குக் கூப்பிட்டன. அந்த இடம் வரை போன முதல் இந்தியப் பெண் அவர்தான். இடம் கிடைக்கவில்லை. அவருக்கும் சோறு போட்டது தென்னக ரயில்வேதான்.

இதைக் கவனியுங்கள். நம் நாட்டில் பெண்கள் கூடைப்பந்துக்குத் தொழில்முறை லீக் என்று ஊன்றி நின்றது ஒன்றுமில்லை. ரயில்வே வேலை, வங்கி வேலை, மின்வாரிய வேலை, விளையாட்டு ஒதுக்கீடு, இவைதான் நம்முடைய 'தொழில்முறை'. தேசியப் போட்டியில் ரயில்வே பெண்கள் பெரும்பாலான வருஷம் கோப்பையைத் தூக்குவதற்குக் காரணம் பயிற்சி மட்டுமில்லை, ஒன்றாம் தேதிச் சம்பளம். அந்த வேலை ஆணை வீட்டுக்கு வந்த அன்று டவுசரைப் பற்றிய பேச்சு நின்றுபோன வீடுகளை எனக்குத் தெரியும். என் வீட்டையும் சேர்த்து.

உடை விஷயத்தில் சின்னதாகத் தெரிகிற இரண்டு சங்கதி. ஒன்று, ஜெர்சி. பெண்கள் அணிக்கென்று வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் பையன்கள் அளவில் தைத்தது. கைக்குழி அகலமாக இருக்கும். கையைத் தூக்கிப் பந்தெறிந்தால் உள்ளே தெரியும். அதனால் பிள்ளைகள் உள்ளே ஒரு டி-சர்ட் போட்டுக்கொள்வார்கள். நான் படித்த விதிப் புத்தகத்தில் ஜெர்சிக்குள் டி-சர்ட் போடக் கூடாது என்று இருந்தது. உள்ளூர்ப் போட்டியில் நடுவர் கண்டும் காணாமல் விடுவார், மேலே போனால் கழற்றச் சொல்வார். மானமா, விதியா என்று பதினாலு வயதுப் பிள்ளை கோட்டில் நின்று முடிவு செய்ய வேண்டும். கைக்குழியை ஓர் அங்குலம் குறைத்துத் தைத்தால் தீர்கிற பிரச்சினை இது. இங்கிருந்து திருப்பூர் ஒரு பகல் பயணம்.

இன்னொன்று வெள்ளை. அட்டவணையில் முதலில் பெயர் வருகிற அணி வெளிர் நிறத்தில், கூடுமானவரை வெள்ளையில் வர வேண்டும் என்பது சர்வதேச வழக்கம். மாதத்தில் அந்த மூன்று நாள் ஆட்டம் விழுந்தால் பிள்ளை என்ன செய்வாள்? பெரியவர்கள் மன்னிக்க வேண்டும், மேடையில் பேசக் கூடாத பேச்சு என்று சொல்வீர்கள். முப்பது வருஷம் பிள்ளைகளோடு பஸ்ஸில் போய் வந்தவள் நான். நல்லா ஆடுகிற பிள்ளை திடீரென்று வயிற்றுவலி என்று பெஞ்சில் உட்கார்ந்தால், வயிறு அல்ல, வெள்ளை டவுசர்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். விம்பிள்டன் டென்னிஸிலேயே 2023-ல்தான் பெண்கள் உள்ளே அடர் நிற அரைக்கால் உடை போட்டுக்கொள்ள விட்டார்கள். அதனால் நாம் பின்தங்கியவர்கள் என்று வெட்கப்பட வேண்டியதில்லை. அடுத்த முறை துணி வாங்கும்போது மேலே வெள்ளை, கீழே கறுப்பு இருக்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், போதும்.

இனி அமெரிக்கா. டபிள்யூ.என்.பி.ஏ. 1997-ல் ஆடத் தொடங்கியது. பதினோரு வருஷம் கழித்து, 2008-ல், லீக்கில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு நடத்திய அறிமுகப் பயிற்சியில் மூன்றில் ஒரு பங்கு நேரத்தை முகப்பூச்சுக்கும் உடை அலங்காரத்துக்கும் ஒதுக்கினார்கள். பந்தடிக்கத் தெரிந்தால் போதாது, பார்க்க 'பெண்ணாக' இருந்தால்தான் டிக்கெட் விற்கும் என்று கணக்கு. பொண்ணு பார்க்க வருகிற வீட்டில் நடப்பதுதானே இது? 2024 ஏப்ரலில் கெய்ட்லின் கிளார்க் என்ற பெண்ணை அணிகள் முறைவைத்து ஆள் எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக எடுத்த இரவில், அவர் தலை முதல் கால் வரை பிராடா உடுத்தி வந்தார். அந்த இத்தாலிக்காரக் கம்பெனி கூடைப்பந்துத் தேர்வு மேடைக்கென்று ஆணோ பெண்ணோ ஒருவருக்கு உடை கொடுத்தது அதுதான் முதல் தடவை. அந்த உடையின் விலையைப் பற்றி எல்லாரும் எழுதினார்கள். அவருடைய முதல் வருஷச் சம்பளம் 76,535 டாலர். முந்தைய ஆண்டு ஆண்கள் லீக்கில் முதலாவதாக வந்த வெம்பன்யாமாவுக்கு முதல் வருஷம் ஒரு கோடியே இருபது லட்சம் டாலருக்கு மேல். பட்டுச்சேலை கட்டிவிட்டுக் கூலியில் கைவைப்பது நமக்குப் புதிதா என்ன.

கூலி போதாமல் அந்தப் பெண்கள் பலர் ஓய்வுக் காலத்தில் வேறு நாட்டுக்குப் போய் ஆடினார்கள். பிரிட்னி கிரைனர் ரஷ்யாவுக்குப் போனார். அங்கே பல மடங்கு சம்பளம். 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் பையில் கஞ்சா எண்ணெய் இருந்ததென்று பிடித்தார்கள். அடுத்த சில நாளில் உக்ரைன் போர் தொடங்கிவிட்டது, இரண்டு வல்லரசுக்கு நடுவில் மாட்டினார். டிசம்பர் 8-ம் தேதி கைதி மாற்றத்தில்தான் வெளியே வந்தார். இதைப் படித்தபோது எனக்கு 2011 டிசம்பர் ஞாபகம் வந்தது. முல்லைப் பெரியாறு அணை விவகாரம் சூடேறி, குமுளி எல்லை அடைபட்டு, ஏலத்தோட்டத்திலிருந்து நம் பெண்கள் கட்டிய துணியோடு காட்டு வழியே இறங்கி வந்தார்களே. அணையைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூலி கூடுதல் என்று போனவர்கள். எங்கேயும் அப்படித்தான். மேலே இருப்பவர்கள் சண்டையில் கீழே கூலிக்குப் போனவள் மாட்டுகிறாள்.

ஆனால் அந்த அமெரிக்கப் பெண்களிடம் நான் மெச்சுகிற ஒன்று உண்டு. தங்களுக்கு உடுத்திவிட்ட சட்டையையே வாயாக மாற்றிக்கொண்டார்கள். 2016 ஜூலையில் போலீஸ் சுட்டதில் கறுப்பினத்தவர் இருவர் அடுத்தடுத்துச் செத்ததைக் கண்டித்து மினசோட்டா அணிப் பெண்கள் கறுப்புச் சட்டை போட்டு வந்தார்கள். பாதுகாப்புக்கு வந்திருந்த காவலர்களில் நான்கு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். மற்ற அணிகளும் கறுப்பு உடுத்த, உடை விதியை மீறினார்கள் என்று லீக் அணிக்கு 5,000 டாலரும் ஆட்டக்காரிக்கு 500 டாலரும் அபராதம் போட்டது. ஆட்டக்காரிகள் பத்திரிகையாளர் கூட்டத்தில் ஆட்டத்தைப் பற்றிப் பேச மாட்டோம் என்று வாயை மூடிக்கொண்டார்கள். சில நாளில் லீக் அபராதத்தைத் திரும்பப் பெற்றது.

2020-ல் இன்னும் ஒரு படி. அட்லாண்டா அணியின் உரிமையாளர்களில் ஒருவர் கெல்லி லோஃப்லர், அப்போது ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்க செனட்டர். கறுப்பின மக்கள் இயக்கத்துக்கு லீக் ஆதரவு தருவதை அவர் எதிர்த்தார். அவருடைய அணிப் பெண்களே, தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ரஃபேல் வார்னாக்குக்கு வாக்களியுங்கள் என்று அச்சிட்ட சட்டை போட்டு மைதானத்துக்கு வந்தார்கள். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு எதிர்க்கட்சித் துண்டு போட்டுக்கொண்டு போன மாதிரி. 2021 ஜனவரியில் வார்னாக் ஜெயித்தார். அடுத்த மாதம் அணி கைமாறியது. புதிய உரிமையாளர்களில் ஒருவர் அந்த அணியில் ஆடிய ரெனி மாண்ட்கோமரி. 2025 ஜூலையில் இண்டியானாபொலிஸில் நட்சத்திர ஆட்டத்துக்கு முன்னால் எல்லாரும் ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டை. எங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடு என்று அதில் எழுதியிருந்தது. ஜீப்புக்குக் காத்திருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு தம்பி சீட்டு அனுப்பியிருக்கிறார். 'அப்படியானால் எதை வேண்டுமானாலும் போடலாம் என்கிறீர்களா, குறைப்பதுதான் விடுதலையா?' நல்ல கேள்வி தம்பி. 2014-ல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் அணி மங்கோலியாவோடு ஆட வந்தது. தலையில் எதுவும் அணியக் கூடாது என்ற சர்வதேச விதியைக் காட்டி, தலைத்துணியைக் கழற்று என்றார்கள். கழற்ற மாட்டோம் என்று ஆட்டத்தையே விட்டுக்கொடுத்துப் போனார்கள். அதே வருஷம் சீனாவில் நம் அம்ரித்பால் சிங்கையும் அம்ஜோத் சிங்கையும் தலைப்பாகையை எடுக்கச் சொன்னார்கள். பில்கிஸ் அப்துல் காதிர் என்ற அமெரிக்கப் பெண், பள்ளியில் சாதனை படைத்தவர், இந்த விதியால் வெளிநாட்டில் தொழில்முறை ஆட்டம் ஆடப் போக முடியவில்லை. எல்லாரும் போராடி, 2017 அக்டோபரிலிருந்து விதியை மாற்றினார்கள். திருவிதாங்கூரில் மேல்சீலை போடாதே என்றார்கள். அதைப் போடும் உரிமைக்கு நாடார் பெண்கள் அடிபட்டு, 1859 வரை போராட வேண்டியிருந்தது. போடு என்பதும் போடாதே என்பதும் ஒரே வாயிலிருந்துதான் வருகிறது. தலையை மூடி ஆடுகிறவள் மூடி ஆடட்டும், முழுக்கால் இறுக்க உடை போடுகிறவள் போடட்டும், டவுசர் போடுகிறவள் போடட்டும். பந்து கூடையில் விழுந்ததா என்று மட்டும் பாருங்கள்.

டீக்கடை அண்ணன் வந்திருக்கிறாரா? அதோ. பேத்தியையும் கூட்டி வந்திருக்கிறார், சந்தோஷம்.

நிறையப் பேசிவிட்டேன். ஒரே ஒரு கோரிக்கை, ஊர்ப் பெரியவர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும். இந்தப் பள்ளத்தாக்கில் கம்பம் நட்டுக் கூடை மாட்டிய மைதானங்கள் உண்டு. பக்கத்தில் பெண் பிள்ளைகள் உடை மாற்ற அறை இருப்பது அபூர்வம். வீட்டிலிருந்தே டவுசர் போட்டு, மேலே சுடிதார் போட்டு, அதற்கு மேல் ஷால் போட்டு வருகிறார்கள். வேர்த்து ஊறிய துணியோடு அதே மாதிரி திரும்பிப் போகிறார்கள். மழை பெய்தால் ஒரு மரத்தடியில் நான்கு பிள்ளைகள் ஷாலைப் பிடித்து மறைத்துக்கொள்ள, ஒருத்தி மாற்றுவாள். பத்துக்குப் பத்து அறை ஒன்று, தண்ணீர்க் குழாய் ஒன்று, ஒரு கழிப்பறை. மனு எழுதும்போது உள்பக்கம் தாழ்ப்பாள் என்று தனியாகக் குறிப்பிடுங்கள். வெளிப்பக்கம் மட்டும் தாழ்ப்பாள் வைத்துக் கட்டிக்கொடுத்த அறையில் என் பிள்ளைகள் உடை மாற்றியிருக்கிறார்கள். அத்தனை நேரமும் கதவில் முதுகைக் கொடுத்து நான் நின்றிருக்கிறேன்.